கொத்தியும் சிக்காத மீன்

பதினோராவது மீனும் கொத்திவிட்டுப் போய்விட்டது.

டெல்மர் தூண்டில் கோலை உயர்த்தினான். நரம்பின் நுனியில் வந்தது ரப்பர் புழு மட்டும்தான். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்தப் பச்சைப் புழு, காளான் மொட்டுபோல இருந்த ஈயக்குண்டோடு காற்றில் ஆடியது.

“வெடுக்குனு இழுக்காதய்யான்னு எத்தனை தடவ சொல்றது?” படகின் பின்பக்கத்திலிருந்து கத்தினாள் அவன் மனைவி ரோண்டா. “அடியில போய் உக்காரட்டும். சும்மா கிடக்கட்டும். இந்தச் சின்னப் புழுவுக்கு அதுதான வித்தையே!”

“சும்மாத்தான்டி விட்டேன்! கொத்துச்சு, தூக்கினேன், இல்ல. நான் என்ன, தண்ணிக்குள்ள குதிச்சு வாயால கவ்விட்டு வரணுமா?”

அவன் திரும்பி, ஐம்பது கஜம் தள்ளி நின்ற சிவப்புப் படகை முறைத்தான். அதில் கார்லண்ட் காலை நீட்டி உட்கார்ந்து சான்ட்விச் தின்றுகொண்டிருந்தான். பத்து மணியிலிருந்து அவன் அங்கேதான் இருக்கிறான்.

மிசௌரியின் இந்த மலைப்பக்கத்தில் கார்லண்டைப் பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மீன் இருக்கிற இடத்தை அவனாகத் தேடிய சரித்திரமே கிடையாது. எவன் படகில் மீன் ஏறுகிறதோ அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவான். தட்டிக்கேட்டால், “ஏரி என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?” என்பான். மூன்று வருடமாக ஏப்ரல் மீன்பிடிப் போட்டியில் கோப்பை அவனுக்குத்தான், மூன்று தடவையும் டெல்மர் கண்டுபிடித்த இடத்தில்.

இந்த இடம் கண்டுபிடித்ததுகூட இல்லை, கட்டியது. கிறிஸ்துமஸ் முடிந்து ஊரார் தெருவோரம் தூக்கிப்போட்ட மரங்களைப் புருஷனும் பெண்டாட்டியுமாகப் பொறுக்கிவந்து, கல்லைக் கட்டி, ஜனவரிக் குளிரில் விரல் விறைக்க விறைக்க இங்கே மூழ்கடித்தார்கள். மொத்தம் பன்னிரண்டு மரங்கள். கிளைகளுக்குள் போட்டிக்குரிய பாஸ் மீன் குடியேறட்டும் என்று மூன்று மாதம் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

இன்று போட்டியின் கடைசி நாள். ஐந்து மீன் எடைக்கு வைக்க வேண்டும். படகின் தொட்டியில், வரும் வழியில் பிடித்த மூன்றுதான் நீந்திக்கொண்டிருந்தன, அவையும் நோஞ்சான்கள். மூன்று மணிக்குள் கரையில் தராசு முன்னால் நிற்க வேண்டும், இப்போதே மணி ஒன்று இருபது. ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். ரோண்டா அதற்காக மருத்துவமனை வேலையில் ஒரு வாரம் லீவுகூடச் சொல்லி வைத்திருந்தாள்.

டெல்மர் மறுபடி வீசினான். புழு இறங்கி, அடியில் கொஞ்ச நேரம் கிடந்து, கொப்பு கொப்பாக ஏறி இறங்கி நகர்ந்தது. பன்னிரண்டு மரத்துக்குள் காலையிலிருந்து இழுத்தும் ஒரு கிளையில்கூட மாட்டவில்லை. மீனும் மாட்டவில்லை.

டொக். டொக். நரம்பு பக்கவாட்டில் ஓடியது. தூக்கினான். மறுபடியும் ஒன்றுமில்லை.

“அது பாஸ் இல்லப்பா டெல்மர்!” சிவப்புப் படகிலிருந்து குரல் வந்தது. “உள்ளங்கை அகலப் பொடி மீனு! வாயே சட்டைப் பட்டன் அளவுதான். புழு வாலைக் கடிச்சு விளையாடுது. சாயங்காலம் வரைக்கும் கொத்தும், ஒண்ணுகூடச் சிக்காது!”

“கேட்டியா? அவனுக்குத் தெரியுது, உனக்குத் தெரியல!” ரோண்டா எரிந்து விழுந்தாள். “பொடி மீனுக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கோம். என் விரலு ரெண்டு வாரம் மரத்துக் கிடந்துச்சு, இதுக்குத்தானா?”

“வாயை மூடுறியா கொஞ்சம்?”

“ஏன் மூடணும்? வேற இடத்துக்குப் போயிருந்தா இந்நேரம் அஞ்சு தேத்தியிருக்கலாம்!”

டெல்மர் கடிகாரத்தைப் பார்த்தான், ஒன்று ஐம்பது. மூன்று வருடத்து எரிச்சலெல்லாம் சேர்ந்துவர, தொப்பியைக் கழற்றித் தண்ணீரில் வீசினான்.

“போதும்! இந்தப் படகையே வித்துட்டு வீட்ல உக்காந்து டிவி பாக்குறேன்!”

“விக்கும்போது எனக்கு ஒரு வார்த்தை சொல்லு, என்ன?” கார்லண்ட் வயிறு குலுங்கச் சிரித்தான். சான்ட்விச் காகிதத்தைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு இன்ஜினை முடுக்கினான். “நான் பாலத்துப் பக்கம் போறேன். அங்க யாருக்காவது நிஜ மீன் சிக்கியிருக்கும்.”

சிவப்புப் படகு கிளப்பிவிட்ட அலையில் இவர்கள் படகு தள்ளாடியது. டெல்மர் தலையைப் பிடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்துவிட்டான். இன்ஜின் சத்தம் மலை வளைவைத் தாண்டி மெல்ல மெல்லத் தேய்ந்தது.

ரோண்டா இருக்கைமேல் ஏறி நின்று, கண்ணுக்குமேல் கையை வைத்து, வளைவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போயிட்டான்யா! இப்ப முள்ளு வச்ச தூண்டிலை எடு.”