நகம் பட்ட கல்

நல்லம்பள்ளியில் தொண்ணூறு அடிக் கிணற்றுக்கு வெடி வைத்தபோது பாறைக்குள்ளிருந்து வந்த பச்சைக் கல்லைக் கிணறு வெட்டும் மேஸ்திரி தீர்த்தகிரி கல்லூரிக்குக் கொண்டுவந்திருந்தார். அபூர்வமான சிலிகேட் கனிமமாக இருக்கலாம் என்று ஜியாலஜி ஆசிரியை எழிலரசிக்குத் தோன்றியது. காலையில் பஸ் கதவில் பட்டு இரண்டாகப் பிளந்த சுண்டுவிரல் நகம் வலிக்க, கத்தியால் கல்லைக் கீறினாள். கத்திதான் மழுங்கியது. கத்தியைவிடக் கடினமான குவார்ட்ஸ் கல்லால் தேய்த்தாள், குவார்ட்ஸில்தான் கீறல் விழுந்தது. பத்து வரை போகும் அளவில் கடினம் ஏழுக்கு மேல் என்று எழுதினாள்.

"நெகத்துல கீறிப் பாருங்க மேடம்," என்றார் தீர்த்தகிரி.

சிரித்தபடி ஆள்காட்டி விரல் நகத்தால் கீறினாள். சோப்பில் விழுவதுபோலக் கோடு விழுந்தது. நகத்துக்கே கீறல் விழுந்தால் கடினம் இரண்டுதான். மறுபடி கத்தி; ஒன்றுமில்லை. ஏழு என்பதை அடித்து இரண்டு என்று எழுதி, அதையும் அடித்தாள்.

"என் நெகத்துக்கு வுழலீங்க," என்று தீர்த்தகிரி கல்லைத் திருப்பி வைத்தார். பின்புறம் அருகருகே நான்கு கோடுகள். "பாறைய ஒடைக்கறப்பவே இருந்துச்சுங்க. ஆளுங்க எறங்க மாட்டேங்கறாங்க. நாளைக்கு வெடி வைக்கலாமுங்களா?"

எழிலரசி தன் நான்கு விரல் நகங்களையும் கோடுகளின்மேல் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தின. சுண்டுவிரலுக்கு நேரான கோடு மட்டும் இரண்டாகப் பிளந்திருந்தது.