பின்பக்கக் குரல்

எத்திசை ஒலியையும் அத்திசையிலேயே கேட்கவைக்கும் இலவச ஒலி மென்பொருள் ஒன்றைச் சோதிக்க, அதை உருவாக்கியவர்கள் இணையத்தில் பதிவு கேட்டிருந்தார்கள். தில்லைநாயகம் வாசல் வேப்பமரத்தடியில் மைக்கை நிறுத்திவிட்டு, குயில் கூவட்டுமென்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றான். முதுகுக்குப் பின்னால் மனைவி அல்லியின் குரல் கேட்டது. “நான் போறேன். ஒரு தடவ திரும்பிப் பாருங்க.”

பேசாதே என்று கையை மட்டும் உயர்த்தினான்.

பதிவில் அதன்பின் பதினொரு விநாடி அமைதி. பிறகு கேட் சாத்தும் சத்தம். குயில் கூவவேயில்லை. பின்னாலிருந்து வரும் குரல் துல்லியமாக விழுந்திருக்கிறதே என்று அதையே அனுப்பிவைத்தான்.

அல்லி வரவில்லை. அந்தப் பதிவை இணையத்தில் கேட்டவர்களின் பாராட்டுகள்தான் ஆறு மாதமாக வந்துகொண்டிருக்கின்றன. இன்று முன்பின் தெரியாத ஒருவர் போனிலேயே கூப்பிட்டுவிட்டார்.

“அந்தம்மா குரல் கேட்டதும் சட்டுனு திரும்பிட்டேன் சார். பின்னாடி யாருமே இல்ல.”