பால்குடி மறக்காத குட்டிகள்

கதவு படபடவென்று தட்டப்படுகிறது. பலசரக்குக் கடை குடோனில், உளுந்து மூட்டைகளுக்கு நடுவே குனிந்திருந்த சுமதி நிமிர்கிறாள். அடுத்த வாரம் பூனைக்குட்டிகள் வருவதற்குள், எலிக்கு விஷம் தடவி வைத்த தக்காளித் துண்டுகளையெல்லாம் பொறுக்கியாக வேண்டும். வைத்தது ஆறு, தகரத் தட்டில் ஐந்துதான் கிடக்கின்றன. மிச்சம் ஒன்று எங்கே போய்த் தொலைந்ததோ. சன்னல் வெயிலில் உளுந்துத் தூசி மிதக்கிறது. கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டு அருஞ்சுனை நிற்கிறாள். அவள் மடியில் இரண்டு குட்டிகள். ஒன்று கத்துகிறது, இன்னொன்று முந்தானை நுனியைச் சப்புகிறது.

"என்ன மதினி, இன்னும் பால்குடி மறக்கலைன்னு சொன்னீக?" என்கிறாள் சுமதி.

அருஞ்சுனையின் பார்வை தகரத் தட்டிலேயே நிற்கிறது.

"இதுக ஆத்தா முந்தாநாள் ஒங்க குடோன் எலியத்தான் கவ்விட்டு வந்தா. காலையில செத்துக் கெடக்கா, சுமதி."