ஒரு கனைப்பு

"நான் ஒரு தடவை கனைச்சா, சுடுகாட்டுல வேகிற பொணம் எழுந்து நிக்கும். நான் அந்தாண்ட போனப்புறம்தான் மறுபடி படுக்கும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கேமரா அவர் முகத்துக்கு நேரே இருந்தது. அதில் அவருக்குக் கொள்ளை மகிழ்ச்சி.

"அதெல்லாம் அந்தக் காலம் சார். இப்போ யாரும் எழ மாட்டாங்க," என்றாள் அவள்.

கலைக்கூடத்தின் நடுவில் அவித்த நெல் கொட்டியிருந்தது. ஆவி மேற்கூரையை நனைத்தது.

அதன்மேல் அவள் வெறுங்காலோடு ஏறி நின்றாள்.

பின்சுவர் முழுக்கத் திரை. களத்தில் நெல்லைத் துழாவி நடக்கும் இரண்டு கால்கள். அம்மா நடந்ததுபோல அவளே நடந்து எடுத்த படம். பாதத்து வெடிப்பு ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் படுத்துத் தூங்கலாம்.

அம்மாவும் அப்பாவும் அரிசி ஆலையில் கொத்தடிமைகள். அவள் பிறந்ததே ஆலைக்குள்.

அந்த ஆலைக்கு முதலாளி, கனைப்புப் பெருமை பேசிய இவர்தான். இப்போது ஆலை இல்லை, ஓய்வு. அழைப்பு அனுப்பினாள். தன் வீட்டுக் கல்யாணம்போலச் சரிகை வேட்டியில் வந்துவிட்டார்.

அவளுடைய இந்த நிகழ்த்துகலைக்கு விதி ஒன்றுதான். யார் வேண்டுமானாலும் அவளை ஏவலாம். அவள் அசைய மாட்டாள்.

சுற்றிலும் நாற்காலிகள். அவளுக்கு எதிரே, நடப்பதையெல்லாம் பதிவு செய்யும் கேமரா. அவள் முதுகுக்குப் பின்னால், முதல் வரிசையில், அப்பா எத்திராஜ். புதுச் சட்டை. தோளில் அவள் போட்டுவிட்ட துண்டு. நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தார்.

இனி நம்மை யாராலும் அசைக்க முடியாது. அதை அப்பா ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கூட்டம் முதலில் கூச்சப்பட்டது.

பிறகு ருசி கண்டுகொண்டது.

உட்காரு என்றார்கள். துழாவு என்றார்கள். ஒரு பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, குரை என்றார். பட்டுச்சேலை கட்டிய ஒருத்தி தண்ணீர் பாட்டிலை அவள் தலையில் நிதானமாகக் கவிழ்த்தாள். நல்ல கைதட்டல்.

அவள் அசையவில்லை.

முதலாளி எழுந்தார்.

அந்த நாளில் ஆலை வாசலில் அவர் கனைத்தால், உட்கார்ந்திருந்தவன் எழுவான். தோள் துண்டு அக்குளுக்குப் போகும். பால் குடிக்கிற பிள்ளை காம்பை விட்டுவிடும். நெல் கொதிக்கும் அண்டாகூட மூச்சை அடக்கிக்கொள்ளும்.

கனைத்தார்.

அவள் அசையவில்லை.

கூடமே சிரித்தது. அவள் உதட்டோரம் சின்னதாக ஒரு புன்னகை வந்தது.

எல்லாரும் போன பிறகும் முதலாளி போகவில்லை. வாசல் சோபாவில் காப்பியோடு சாய்ந்திருந்தார்.

"பொணம் எழுந்துச்சா இல்லியா? உன் வாயால கேட்டுட்டுப் போயிடறேன்."

"யாரும் எழல சார்."

"முதுகுல கண்ணு வெச்சிருக்கியா நீ? படத்தைப் போட்டுப் பாரு, போ."

உள்ளே போய்ப் போட்டாள். அப்பா பக்கத்தில் நின்றார்.

திரையில் கனைப்பு.

அவளுடைய புன்னகை.

அதற்குப் பின்னால், அவள் தோளுக்கு மேலே, அப்பா எழுகிறார். துண்டு இறங்கி அக்குளில் சுருள்கிறது. முதுகு வளைகிறது.

கூடம் சிரிக்கிறது. யாரைப் பார்த்து என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

திரும்பப் போட்டாள்.

திரும்பவும் எழுந்தார்.

"காலு மரத்துப்போச்சும்மா. அதான்," என்றார் எத்திராஜ்.

அவள் படத்தை நிறுத்தினாள்.

அவர் வாசல் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவுரு இன்னும் காத்துனு இருக்காரு. எழுந்தான்னே சொல்லிடும்மா. எதுத்துப் பேசாத."

வெளியே வந்தாள். அவளைப் பார்க்காமலே முதலாளி காலிக் கோப்பையை நீட்டினார்.

வாங்கிக்கொண்டாள்.

"எழுந்தாரு," என்றாள்.