ஆட்டு அச்சு

தெற்கு இத்தாலியின் அந்த மலைக்கிராமத்தில் ரொட்டி அடுப்பு ஒன்றுதான். வீட்டில் ஆளுக்கொன்றாக மாவை உருட்டி, அடையாளத்துக்குத் தங்கள் வீட்டு மர அச்சைக் குத்திக் கொடுப்பார்கள். நேற்று ஆட்டு அச்சோடு ஒரு ரொட்டி வெந்து வந்தது. அது முன்னொரு மழையில், மண்சரிவில் ஆட்களோடு புதைந்த லக்காவா வீட்டு அச்சு.

"எவனோ குசும்பு புடிச்சவன் வேலை," என்றாள் டொனாட்டா.

"அச்சும் வீட்டோட புதைஞ்சிருச்சே, மதினி," என்றான் அடுப்புக்காரன் கானியோ.

இன்று ஆட்டு ரொட்டி இரண்டு. தனக்கும் புருஷனுக்குமாக டொனாட்டா சேவல் அச்சுக் குத்தி இரண்டு கொடுத்திருந்தாள். கானியோ ஒன்றைத்தான் நீட்டினான்.

புருஷன் விடிகாலையிலேயே அந்த மண்சரிவுப் பக்கம் விறகு வெட்டப் போயிருந்தான்.

அவள் ஆட்டு ரொட்டி ஒன்றை எட்டிப் பிடிக்கப் போனாள். கானியோ பலகையை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"அது லக்காவா வீட்டுது, மதினி."