வலைக்கொடிகள்

கடல்நீரை ஒட்டி இறக்கை விரித்துப் பறக்கும் மின்சார ஆம்புலன்ஸில் பேட்டரி ஒன்பது சதவீதம் காட்டியது. தூத்துக்குடிக்கு இன்னும் இருபது கிலோமீட்டர். ஓட்டுநர் ஜெசிந்தாவுக்குப் பின்னால், நடுக்கடலில் நெஞ்சுவலி கண்ட மீனவர் அந்தோணிப்பிச்சை கண்மூடிக் கிடந்தார்.

“மேல தூக்குங்கக்கா, முன்னால பூரா வலைக்கொடி!” என்று நர்ஸ் செல்வின் பதறினான்.

“தூக்குனா சார்ஜ் பத்தாது. தண்ணிய ஒட்டிப் போனாத்தான் காத்து இறக்கையத் தாங்கும்.”

விரித்த வலை இருக்கும் இடத்தைக் காட்ட மிதக்கவிட்ட ஆளுயரக் கொடிக்கம்பு ஒன்று தட்டினாலும் இறக்கை போய்விடும். மீனை விரட்டுகிறது என்று போன மாதம் இதே ஆம்புலன்ஸின்மேல் கல்லெறிந்தவர்களின் வலைகள் அவை. இருந்தும் ஜெசிந்தா வயர்லெஸ்ஸில் அவர்களின் படகுகளுக்கு விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சினாள்.

சற்று நேரத்தில் தூரத்தில் ஒரு கொடி சாய்ந்தது. பிறகு இன்னொன்று. படகுகளில் இருந்தவர்கள் கம்புகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கொடி போனால் வலையைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது என்பது வெட்டியவர்களுக்குத் தெரியும்.

ஜெசிந்தா ஆம்புலன்ஸைத் தண்ணீருக்கு மேல் இடுப்பளவு உயரத்துக்கு இறக்கினாள்.

அந்தோணிப்பிச்சை கண்விழித்துச் சன்னல் வழியே பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு கொடியும் இல்லை.

“இது எந்தக் கடலும்மா?”

“நம்ம கடல்தான், அண்ணாச்சி.”