பரண்மேல் வௌவால்

"சலூன்காரன் ஃபின்பாருக்கு வயித்தெரிச்சல், வேறென்ன!" மேஜையைத் தட்டினார் மாலக்கி. "என் மாப்பிள்ளை நல்லா இருக்கிறது அவனுக்குப் பொறுக்கலை!"

கில்லியனுக்கே ஆச்சரியம். கல்யாணமான நாளிலிருந்து மாமனார் தன் பக்கம் பேசி அவன் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். கீழே கடைகள், மேலே குடியிருப்பு என்று கட்டுகிற ஒரு கம்பெனிக்கு இடம் தேடித் தருவது கில்லியனின் வேலை. அயர்லாந்தின் கார்க் நகரத்து வாடகைக்குப் பயந்து ஜனங்கள் பக்கத்து ஊரான மிடில்டன் பக்கம் வந்து குவிகிறார்கள் என்று தெரிந்ததும், அவன் மிடில்டன் ரயிலடியில் போய் நின்றான். சாயங்கால வண்டியில் இறங்குகிற கூட்டம் எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போகிறது என்று வாரக்கணக்கில் பார்த்தான். அந்தத் தெருவில்தான் பூட்டிக் கிடந்தது அந்தப் பழைய இரும்புக் கடை. பாஸ்டனில் இருந்த அதன் வாரிசுகளைக் கெஞ்சிக் கூத்தாடி விற்கச் சம்மதிக்க வைத்தான்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "கட்டி முடிச்சதும் மேல முதல் வீடு உனக்குத்தான்டா" என்று சொல்லிவிட்டார்.

அந்த வார்த்தையைத்தான் கில்லியனும் அவன் மனைவி ஈமரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தை மெல்லாவோடு அவர்கள் இருப்பது மாலக்கி வீட்டுச் சின்ன அறையில். கட்டில் போட்டால் தொட்டிலுக்கு இடமில்லை. அதுகூடப் பரவாயில்லை, மாமனார் வாய்தான் தாங்காது.

"ஹீட்டர் மேல குழந்தைத் துணி, வாசல்ல தள்ளுவண்டி! இது வீடா, சத்திரமா? எப்பய்யா காலி பண்ணப் போறீங்க?"

இது தினமும் காலை டீயோடு நடக்கிற பூஜை.

கவுன்சிலில் கட்டட அனுமதிக்கு மனுப் போட்டு, வழக்கப்படி இரும்புக் கடை வாசலில் அறிவிப்பையும் ஒட்டியாயிற்று. யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். ஆனால் எழுதினவர் பேர் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் மனசுக்குள் பிடிக்காதவர்கள்கூட, "ரொம்ப நல்ல காரியம் தம்பி, சின்னஞ்சிறுசுகளுக்கு வீடு வேணுமில்ல" என்று சிரித்துக்கொண்டே போனார்கள்.

வந்தது ஒரே ஒரு ஆட்சேபம். எதிர்த்த கடை ஃபின்பார் கையெழுத்துப் போட்டது. இரும்புக் கடைப் பரணில் வௌவால் இருக்கிறதாம்!

அயர்லாந்தில் மனுஷனைக்கூடக் காலி பண்ணிவிடலாம், வௌவாலை முடியாது; சட்டம் அப்படி. இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் ஒரு கூரை ஓட்டைக்கூடக் கழற்றக் கூடாது. பார்க்கலாமென்றால் அது குளிர்காலம் முழுக்கத் தூங்கும். மே மாதம் வெளியே பறக்க ஆரம்பித்த பிறகுதான் ஆள் வந்து எண்ணுவார். இப்போது அக்டோபர்.

முதலாளி போன் பண்ணினார். "கவுன்சில் கண்டிப்பா மே வரைக்கும் நிறுத்தி வைக்கும். பாஸ்டன்காரங்க அதுவரைக்கும் பொறுப்பாங்களா? வேற கம்பெனிக்குக் குடுத்துட்டா எனக்கு இடம் போச்சு, உனக்கு வீடு போச்சு."

ஈமர் அழுதே விட்டாள். அவளைவிட அதிகமாகக் குதித்தவர் மாலக்கிதான்.

"புதுக் கட்டடத்துல இன்னொரு சலூன் வந்துடுமோன்னு அவனுக்குப் பயம்! இனிமே அவன்கிட்டத் தலையைக் குடுத்தா நான் மாலக்கி இல்லை!"

மறுநாள் கில்லியன் பொறுக்க முடியாமல் சலூனுக்கே போய்விட்டான்.

ஃபின்பார் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நாற்காலியில் ஒருவர் சாய்ந்து கிடந்தார். முகம் முழுக்கச் சுடுதுண்டு.

"வா தம்பி, உட்காரு. காதோரம் காடா வளர்ந்திருக்கே."

"முடி வெட்டிக்க வரலை. ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"எதைச் சொல்ற?"

"வௌவால்! அந்தப் பரண்ல நானே ஏறிப் பார்த்திருக்கேன். ஒரு எச்சம்கூட இல்லை. உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்? கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு மூச்சு விட இடமில்லாம கிடக்கோம். ஒரு வீடு வரப்போகுதுன்னு இருந்தோம். அதுல மண்ணைப் போட்டுட்டீங்களே!"

ஃபின்பார் கத்தியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் சங்கடம்.

"தம்பி, வௌவாலைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? சிநேகிதன் கேட்டான், கையெழுத்துப் போட்டேன். அவன் பேர்ல எழுத முடியாதுன்னான்."

"யார் அந்தச் சிநேகிதன்?"

ஃபின்பார் நாற்காலியைப் பார்த்தார்.

"நீயே சொல்லிடுடா. இந்தப் பிள்ளை மூஞ்சியை என்னால பார்க்க முடியலை."

துண்டு மெல்ல விலகியது. மாலக்கி!

கில்லியனுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

"மாமா, நீங்களா? தினமும் எப்பக் காலி பண்றே, எப்பக் காலி பண்றேன்னு..."

"சொல்லுவேன். வாய் அப்படிப் பழகிடுச்சு." மாலக்கி கண்ணாடியைப் பார்த்தே பேசினார். "ஈமரோட அம்மா போனப்புறம் அந்த வீட்டுல நான் ஒத்தை ஆளா எப்படி இருந்தேன்னு யாருக்குய்யா தெரியும்? இப்ப அந்தக் குட்டிக் கழுதைதான் காலையில என் மூக்கைப் பிடிச்சு இழுத்து எழுப்புது. இன்னும் ஒரு குளிர்காலம் சேர்த்து இருக்கட்டுமேன்னு பார்த்தேன். இடமே கைவிட்டுப் போயிடும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஃபின்பார், இன்னிக்கே வாபஸ் வாங்கிடு."

கில்லியன் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"அதுக்கு ஏன் மாமா இவ்வளவும்? இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

மாலக்கி துண்டை எடுத்து மறுபடியும் முகத்தில் போட்டுக்கொண்டார்.

"திட்டத்தான் தெரியும் மாப்பிள்ளை. கேக்கத் தெரியாது."